திரும்ப மறுத்த ஸ்டீயரிங்

போகி அன்று சாயங்காலம். பாக் விரிகுடாக் கரையோரத்தில் ஒரு சின்ன ஊர். ஐப்பசி மழைக்குக் கரையேற்றிய ஃபைபர் படகை மூன்று மாதம் கழித்துத் தண்ணீரில் இறக்கியிருந்தார்கள், மாமாவும் மருமகனும். படகுக்கு வயது இருபதுக்கு மேல். பின்னால் தொங்கும் நாற்பது குதிரைச் சக்தி மோட்டாருக்கும் ஏறக்குறைய அதே வயது. காணும் பொங்கலுக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் படகு கேட்டு, முன்பணமும் அனுப்பிவிட்டது.

மோட்டார் இரண்டாவது இழுப்பிலேயே கிளம்பியது. ஸ்டீயரிங்தான் அசையவில்லை. மருமகன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில், முனகிக்கொண்டே கால்வாசி திரும்பி நின்றது.

“ஓட ஓட சரியாயிடும் மாமா.”

“கையை எடு மாப்ள. உள்ளே பல் உடைஞ்சா அதுக்கு வேற செலவு.”

அவர் சொன்னது சரி. ஸ்டீயரிங் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பது சின்னப் பல்சக்கரங்கள். அவை ஒரு நீண்ட கேபிளைத் தள்ளி இழுக்கின்றன. கேபிளின் மறுமுனையில் ஒரு ஸ்டீல் தண்டு. மோட்டாரைப் படகோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டின் குறுக்கே போகும் குழாய்க்குள் இந்தத் தண்டு போய்வரும். அதன் நுனியிலிருந்து ஓர் இணைப்புக் கம்பி மோட்டாரைப் பிடித்துத் திருப்பும். அவுட்போர்டு படகுக்குத் தனிச் சுக்கான் கிடையாது. மோட்டாரே திரும்பினால்தான் படகு திரும்பும்.

இந்த வகை மோட்டாரை ஊரறியச் செய்தவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொழில் செய்தவர். வெயிலில் ஏரியின் குறுக்கே துடுப்புப் போட்டு ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிப்போனதால்தான் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். 1911இல் காப்புரிமை பெற்றார். அன்று முதல் இன்று வரை இந்த மோட்டார்களுக்கு ஒரே எதிரி, உப்புத் தண்ணீர்.

பொங்கல் அன்று காலை, வீட்டில் பானை பொங்கி முடிந்த கையோடு இருவரும் படகுக்கு வந்தார்கள். மாமா முதலில் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். பிறகு இணைப்புக் கம்பியின் நட்டைக் கழற்றச் சொன்னார்.

“இப்ப மோட்டாரைக் கையால தள்ளிப் பாரு.”

மோட்டார் இடமும் வலமும் லேசாக ஆடியது. அப்படியானால் மோட்டார் திரும்பும் அச்சில் கோளாறு இல்லை. அது இறுகியிருந்தால், பிராக்கெட்டில் உள்ள நிப்பிளில் கிரீஸ் கன் வைத்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடித்து, மோட்டாரை மெல்ல ஆட்டி ஆட்டி விடுவிக்க வேண்டும். இங்கே சிக்கல் குழாய்க்குள்.

“நான் மாசாமாசம் கிரீஸ் அடிச்சேனே மாமா!”

“எங்க அடிச்ச?”

மருமகன் அச்சில் உள்ள நிப்பிளைக் காட்டினான். குழாய்க்குள் ஒரு தண்டு இருப்பதும், அதற்கும் கிரீஸ் வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியாது. அதோடு, மழைக்காலம் முழுக்க மோட்டார் ஒரு பக்கமாகத் திரும்பியே நின்றிருந்தது. தண்டு வெளியே நீட்டிக்கொண்டு உப்புக் காற்றைக் குடித்திருந்தது. உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நானும் சொல்லித் தரலையே” என்றார்.

குழாயின் இரு முனையிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு மத்தியானம்வரை காத்திருந்தார்கள். தண்டின் நுனியில் மரக்கட்டையை வைத்து மாமா மெதுவாகத் தட்டினார். வேகமாக அடித்தால் நுனி விரிந்துவிடும், தண்டு வளைந்துவிடும். இரண்டு தடவை எண்ணெய் விட்ட பிறகு தண்டு உள்ளே நகர்ந்தது. கேபிளைக் குழாயோடு பிடித்திருந்த பெரிய நட்டைக் கழற்றி, தண்டை முழுதாக உருவினார்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றிக் குழாயைத் துடைத்தார்கள். வந்த அழுக்கு தார் போல இருந்தது. மெல்லிய உப்புத்தாள் போட்டு, மறுபடி துடைத்து, தண்ணீரில் கரையாத கிரீஸ் தடவினார்கள்.

மருமகன் சக்கரத்தைத் திருப்பினான். தண்டு வெளியே வந்தது, உள்ளே போனது. ஆனால் ஓரிடத்தில் மட்டும் லேசாகப் பிடித்தது.

“போதும் மாமா. நாளன்னிக்கு ஓட்டிடலாம்.”

மாமா கேபிளைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். குழாயை ஒட்டிய இடத்தில் மேலுறை நீளமாக வெடித்திருந்தது. தண்ணீர் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்திருக்கிறது. அதற்கு எண்ணெய் விட்டால் நாலு நாள் ஓடும். ஐந்தாம் நாள் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வேகத்தில் திரும்பும்போது பிடித்துக்கொண்டால், படகு வட்டமடித்து ஆளை வெளியே வீசும். அலையில் பிடித்துக்கொண்டால் குறுக்கே நின்று தண்ணீர் ஏறும். கேபிளை மாற்றுவதுதான் வழி. பொங்கல் முடியாமல் கடை திறக்காது.

மாமா மதுரைக்குப் போன் செய்தார். “படகுல வேலை இருக்குங்க. பணத்தை இன்னைக்கே திருப்பி அனுப்பிடறேன்.” வருஷத்தில் அதிகம் சம்பாதிக்கும் நாள் அது. மருமகன் தலைகுனிந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஒருவேளை நடுத் தண்ணியில நின்னுட்டா என்ன பண்றது மாமா?”

“சக்கரத்தோட மல்லுக்கட்டாத. வேகத்தைக் குறை, மோட்டாரை நிறுத்து, நங்கூரம் போடு. அப்புறம் இந்தக் கம்பியைக் கழட்டினா, மோட்டாரைக் கையால தள்ளி மெதுவா கரைக்கு வரலாம். அதுக்குத்தான் ஸ்பேனரும் துடுப்பும் எப்பவும் படகுல இருக்கணும்.”

அடுத்த வாரம் புதுக் கேபிள் வந்தது. பழையதன் உறையில் அச்சிட்டிருந்த நீள அளவைப் பார்த்தே வாங்கியிருந்தார்கள். இணைப்புக் கம்பிக்கும் புது லாக் நட்டு போட்டார்கள். ஒருமுறை கழற்றியதை அங்கே திரும்ப நம்பக் கூடாது.

மருமகன் உட்கார்ந்து, ஒரே விரலால் சக்கரத்தைச் சுற்றினான். மோட்டார் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது.

அன்று மாலை படகைக் கட்டும்போது, யாரும் சொல்லாமலே தண்டு குழாய்க்குள் அடங்கும்படி மோட்டாரைத் திருப்பி நிறுத்தினான். மாமா பார்த்தும் பார்க்காதது போலக் கரையேறினார்.