ஏடு இலவசம்! எழுத்து எவர் வசம்?

“தமிழன் திரைப்படத்துக்குக் கொட்டிக் கொடுப்பான், இணையத்தில் செய்தி படிக்க மட்டும் காசு கொடுக்கமாட்டான்” என்று ஏடு நடத்துவோர் சிலர் ஓயாது உரைக்கின்றனர். வீண்பழி இது என்கிறோம் நாம்.

ஈரோட்டிலே 1925இல் ‘குடி அரசு’ பிறந்தது. காஞ்சியிலே 1942இல் ‘திராவிட நாடு’ பிறந்தது. அவற்றை ஊரூராகக் கொண்டுசென்றவை எவை? மாளிகைகளா? மணிமண்டபங்களா? முடிதிருத்தகங்கள், தேநீர்க் கடைகள், மன்றங்களின் படிப்பகங்கள்! ஒருவர் காசு கொடுத்து வாங்கினார். ஒருவர் உரக்கப் படித்தார். எழுத்தறியாதார் சூழ்ந்திருந்து கேட்டனர். அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவன் ஏட்டுக்குக் காசு கொடுத்தான், அது தன் குரலென்று நம்பியதால். அந்த நம்பிக்கையை இன்றைய ஏடுகள் ஈட்டினவா என்பதன்றோ முதற்கேள்வி?

‘நியூயார்க் டைம்ஸ்’ 2011இல் இணையப் படிப்புக்குக் கட்டணம் வைத்தது. நடவாது என்றனர் பலர். 2023இல் அதன் சந்தாதாரர் ஒரு கோடியைத் தாண்டினர். (சமையற் குறிப்புக்கும் சொற்புதிருக்கும் வந்தவர்களும் அதில் அடக்கம், மறைப்பானேன்!) சென்னையின் ‘தி இந்து’வும் 2019இல் அவ்வழி சென்றது.

இலவசமாகவே கொடு என்பாரும் உளர். படிப்பவன் கொடாத காசை விளம்பரக்காரன் கொடுக்கிறான். ஆளவந்தார் தரும் அரசு விளம்பரமும் அதில் சேர்கிறது. அளந்து போடுகிறவனை எதிர்த்து எழுத எத்தனை பேனாக்களுக்குத் துணிவு வரும்?

அரசின் கணக்கோ விந்தையானது. 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது அச்சிட்ட ஏட்டுக்கு வரியில்லை; அதே செய்தி திரையில் வந்தால் சந்தாமீது 18 விழுக்காடு! தாளுக்குச் சலுகை, அறிவுக்குத் தண்டமா?

ஏடு நடத்துவோரையும் விடுவதற்கில்லை. தாளேட்டைப் படித்து முடித்துப் பக்கத்து வீட்டாருக்கு நீட்டினோம். இன்றோ கடவுச்சொல் என்றொரு பூட்டு; சந்தா கட்டியவர்க்கு மட்டுமே திறக்கும். கூலியுழைப்பாளியின் மகள் கைபேசியில் நான்கு வரி படிக்கிறாள். ஐந்தாம் வரியில் கதவு மூடுகிறது. வதந்தி மட்டும் கட்டணமின்றி அவளைத் தேடி வருகிறது!

சென்னை மாகாணத்தில் 1948இலேயே பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டுவரியோடு நூலகவரியும் நாம் செலுத்துகிறோம். அப்பணத்தில் ஊர்ப்புற நூலகம் ஒவ்வொன்றுக்கும் இணைய ஏடுகளின் சந்தா வாங்கட்டும். அங்கு வருவோர் எல்லார்க்கும் அப்பூட்டு திறக்கட்டும். வசதியுள்ள நாம், மாத ஊதியம் பெறும் ஆசிரியரும் அலுவலரும், நம் பங்கை நேரே கட்டுவோம். இந்த ஏற்பாட்டுக்கு ஒப்பாத ஏட்டு முதலாளி, தமிழனின் கைக்கஞ்சத்தனம் பற்றி நம்மிடம் பேச வேண்டாம்.