ஆலயப் படியோடு நிற்கும் நாற்காலி

2022 மே மாதம் முழங்கால் வலியால் அவதியுற்ற திருத்தந்தை பிரான்சிஸ், சக்கர நாற்காலியில் மக்கள்முன் வந்தார். பின்னரும் சில நாள்களில் கோலூன்றி நடந்தார். நடக்க முடிந்தவர் ஏன் நாற்காலியில் வருகிறார் என்று எவரும் கேட்கவில்லை.

நம் பங்குகளில் கேட்கிறோம். வீட்டுக்குள் நடமாடும் பாட்டி பேட்டரி நாற்காலியில் தெருவுக்கு வந்தால், "நல்லாத்தானே நடக்கிறாங்க?" என்கிறோம். அடுக்களைவரை நடப்பவருக்கு ஆலயம்வரை மூச்சு தாங்காது.

நடுவண் அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் ஏழை முதியோருக்குச் சாதாரண சக்கர நாற்காலி தருகிறது. அதைத் தள்ள ஆள் வேண்டும், பிள்ளைகளோ வெளியூரில். அவர்கள் பணம் அனுப்பி வாங்கிய பேட்டரி நாற்காலியும் ஆலயப் படியோடு நின்றுவிடுகிறது. ஆளோடு சேர்த்து 100 கிலோவைத் தூக்குவது யார்?

1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அரையடிப் படிகள் மூன்றென்றால் 18 அடி. கெபிக்கும் கொடிமரத்துக்கும் இடம் கண்டோமே!

முதல் வெள்ளியன்று வீட்டுக்கே நற்கருணை கொண்டுசெல்கிறோம் என்று குருக்களாகிய நாமும் சமாதானம் சொல்கிறோம். ஆனால் கப்பர்நாகுமில் முடக்குவாதமுற்றவரை, கூட்டத்தின் நடுவே இறக்கினார்கள். அதற்காகக் கூரையையே பிரித்தார்கள்.

அடுத்த திருவிழா வரவுசெலவைப் பங்குப்பேரவை எழுதும்போது, வாணவேடிக்கைக்கு முன்னால் சாய்தளத்தை எழுதுவோம்.