மணிக்கட்டில் ஒரு கங்காணி

ஹரியானாவின் பஞ்ச்குலாவில் தூய்மைப் பணியாளர்களின் கையில் மாநகராட்சி கட்டிவிட்ட கடிகாரம் நேரம் பார்ப்பதற்கானது அல்ல. அதற்குள் ஜிபிஎஸ் இருந்தது, கேமரா இருந்தது, மைக் இருந்தது. அணிந்திருப்பவர் கட்டுப்பாட்டு அறையின் திரையில் நகரும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். நாக்பூரிலும் சண்டிகரிலும் இதே போன்ற கடிகாரங்கள் வந்தன. ஒதுக்கிய எல்லையை விட்டு நகர்ந்தால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று பணியாளர்கள் புகார் சொன்னார்கள். கழிப்பறைக்குள்ளும் இது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்குமோ என்று பெண்கள் பயந்தார்கள். சண்டிகரில் போராட்டமே நடந்தது.

இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். இதை இங்கே வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மென்பொருள், அந்தரங்கம் என்று பேசும் நம் நண்பர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பை விட்டு சிக்னலுக்குப் போவதா, விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போவதா என்று விடிய விடிய விவாதிக்கிறோம் (நானும்தான்). பிடிக்காத செயலியை நாம் நீக்கிவிடலாம். அந்தக் கடிகாரத்தைக் கழற்றினால் கூலி போய்விடும்.

உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். தன் தெருவில் நின்று பெருக்கிக்கொண்டிருப்பவரை அடுத்த தெருவில் காட்டினால் அவர் யாரிடம் போய் முறையிடுவது? எத்தனை நிமிடம் விலகினால் 'வேலையில் இல்லை' என்று பதிவாகும்? அதை முடிவுசெய்யும் நிரல் நிறுவனத்தின் சொத்து. தகவல் கேட்டால், வணிக ரகசியம் என்று மறுக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஈ) பிரிவே வழி தருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை சார்ந்த காரணங்களுக்காகத் தொழிலாளியின் ஒப்புதல் இல்லாமலே அவருடைய தரவை முதலாளி கையாளலாம் என்கிறது.

தோட்டத்துக் கங்காணிக்கு முகம் இருந்தது. அவனைத் திட்டலாம், எதிர்த்து நிற்கலாம், அவன் பொய்க்கணக்கு எழுதினான் என்று நாலு பேரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். இந்தக் கங்காணியிடம் எதுவும் செல்லாது.

யாருமே திறந்து பார்க்காத ஒரு நிரலை அதிகாரி நம்புகிறார். இருபது வருடமாகத் தெருவைக் கூட்டும் பெண் "இங்கேதான் இருந்தேன்" என்று சொன்னால் நம்ப மறுக்கிறார். இதற்குத் 'திறன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.  கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்த பிறகும் மலக்குழிக்குள் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். குழிக்குள் இறக்க இயந்திரம் வாங்கப் பணம் இல்லாதவர்களுக்குக் கையில் பூட்ட இயந்திரம் வாங்க மட்டும் பணம் கிடைக்கிறது.

நிரலைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கட்டற்ற மென்பொருள் தோழர்கள் சொல்லக்கூடும். ஆகாது. திறந்த நிரலில் ஓடினாலும் கங்காணி கங்காணிதான். கடிகாரம் கழற்றப்பட வேண்டும். அதுவரைக்கும், தொழிற்சங்கம் தன் ஆளை வைத்துச் சோதித்துப் பார்க்க முடியாத எந்த நிரலின் பேரிலும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. ஏற்கெனவே பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.