தோட்டாவின் விட்டமும் அதன் விலையும்

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., கடந்த நாற்பது ஆண்டுகளில் தனது கைத்துப்பாக்கித் தோட்டாவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மீண்டும் பழைய அளவுக்கே திரும்பியிருக்கிறது. வல்லுநர்கள் இதைக் காயத்தின் ஆழம் பற்றிய விவாதமாகக் காண்கின்றனர். பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கோ, ஓர் அரசு அமைப்பு தனது தோல்விக்கான காரணத்தை எங்கே தேடுகிறது என்பதற்கான சான்றாகவே இது தெரிகிறது.

1986 ஏப்ரல் 11 அன்று மியாமி பகுதியில் வங்கிக் கொள்ளையர் இருவரை எட்டு முகவர்கள் மடக்கினர். நடந்த சண்டையில் முகவர் இருவர் உயிரிழந்தனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையரில் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்த 9 மி.மீ. தோட்டா, இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் தொடர்ந்து சுட்டான். அவனிடம் இருந்தது ரைஃபிள். முகவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் கைத்துப்பாக்கிகள். இந்த ஏற்றத்தாழ்வைக் காட்டிலும் அந்த ஒற்றைத் தோட்டாவே அதிகம் பேசப்பட்டது. தோட்டாவை மாற்ற ஒப்பந்தப்புள்ளி போதும். திட்டமிடலை மாற்றுவது அவ்வளவு எளிதன்று.

எஃப்.பி.ஐ. 10 மி.மீ. தோட்டாவுக்கு மாறியது. அதன் பின்னுதைப்பு கடுமையாக இருந்ததால் வெடிமருந்தைக் குறைத்தனர். மருந்து குறைந்த பின் நீண்ட உறை எதற்கு? உறையைக் குறுக்கி, 1990-இல் ஸ்மித் அண்ட் வெஸன், வின்செஸ்டர் நிறுவனங்கள் .40 தோட்டாவை வெளியிட்டன. காவல்துறைகள் பலவும், 1997-இல் எஃப்.பி.ஐ.யும் அதனை ஏற்றன. பின்னர் 2014-இல் அந்த அமைப்பின் பயிற்சிப் பிரிவே 9 மி.மீ. போதும் என்று எழுதியது.

இங்குதான் செலவுக் கணக்கு வருகிறது. துப்பாக்கி ஒருமுறைச் செலவு, தோட்டா தொடர்செலவு. ஒரு காவலர் தம் பணிக்காலத்தில் எதிரியை நோக்கி ஒருமுறைகூடச் சுடாமல் ஓய்வுபெறலாம். ஆனால் பயிற்சிக் களத்தில் ஆயிரக்கணக்கில் சுட்டாக வேண்டும். 9 மி.மீ. என்பது நேட்டோ நாடுகளின் பொதுத் தோட்டா. பேரளவில் உற்பத்தியாவதால் விலை குறைவு. எடுத்துக்காட்டாக, விலை கால் பங்கு குறைந்தால், அதே ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பயிற்சி பெறலாம். பணியில் நிகழும் துப்பாக்கிச் சூடுகளில் காவலர்கள் சுடுவதில் 70 முதல் 80 விழுக்காடு குறி தவறுவதாக அந்த 2014 அறிக்கையே கூறுகிறது. குறி தவறிய தோட்டாவின் விட்டத்தால் யாருக்கு என்ன பயன்? அது தெருவில் நிற்கும் வேறொருவர் மீது பாயலாம் என்பதும் இக்கணக்கில் சேர வேண்டியதே.

கொள்ளளவும் ஒரு செலவுதான். ஒரே அளவிலான க்ளாக் துப்பாக்கியில் 9 மி.மீ. தோட்டா 17 அடங்கும்; .40 என்றால் 15. கூடுதல் உதைப்பால் பாகங்களும் விரைவில் தேய்கின்றன.

ஆயினும், மியாமிக்குப் பிந்தைய செலவெல்லாம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற சோதனை விதி அப்போதுதான் பிறந்தது. அவ்விதிக்கு ஈடுகொடுக்கவே 9 மி.மீ. தோட்டாக்களை நிறுவனங்கள் மேம்படுத்தின. பெரிய தோட்டாவைத் தேடியதன் பயன் சிறிய தோட்டாவுக்கே கிட்டியது.

பயன்பாடு மாறினால் விடையும் மாறும். உடலில் விரியும் தோட்டாக்களைப் போரில் 1899 ஹேக் பிரகடனம் தடுக்கிறது; விரியாத தோட்டாவுக்கு விட்டம் முக்கியம் என்ற .45 ஆதரவாளர் வாதத்தில் பொருளுண்டு. அப்படியிருந்தும், நேட்டோவுடன் ஒத்துப்போக அமெரிக்க ராணுவம் 1985-இல் 9 மி.மீ.க்கு மாறியது. கரடிகள் உலவும் காட்டுக்குள் செல்வோருக்கு 10 மி.மீ. இன்றும் விருப்பமானது. இந்தியாவில் சாமானியருக்கு இக்குழப்பமே இல்லை, 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட வகை என்பதால், உரிமம் பெற்றவர் பெரும்பாலும் .32-உடன் நின்றுவிடுகிறார்.

அமெரிக்கக் காவல்துறைகள் கைவிட்ட .40 துப்பாக்கிகள் இப்போது பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. குறைந்த வருவாயினர் அவற்றை வாங்குகின்றனர்; பிறகு ஒவ்வொரு பெட்டித் தோட்டாவுக்கும் கூடுதல் விலை கொடுத்து, பயிற்சியைக் குறைத்துக்கொள்கின்றனர்.