பழுதைத் தள்ளிப்போடும் சலுகை: எல்லை எது?

புது தில்லி: பெங்களூரின் தென்கோடியில் உள்ள எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் 50 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளது. வார இறுதியில் நெரிசலைக் கடந்து வந்து விமானத்தில் அமரும் பொறியாளர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அந்த விமானத்தில் ஏதேனும் ஒரு கருவி இயங்காமல் இருக்கக்கூடும். அது சட்டத்துக்கு உட்பட்டதாகவும் இருக்கக்கூடும்.

'குறைந்தபட்சக் கருவிப் பட்டியல்' (எம்.இ.எல்.) என்ற ஏற்பாடு உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. எந்தெந்தக் கருவி பழுதானால் என்ன நிபந்தனையுடன் பறக்கலாம், எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. 'பி' பிரிவுப் பழுதுக்கு 3 நாள், 'சி' பிரிவுக்கு 10 நாள், 'டி' பிரிவுக்கு 120 நாள் அவகாசம். 'ஏ' பிரிவுக்கு அந்தந்தக் கருவிக்கெனத் தனிக் கெடு உண்டு. ஒவ்வொரு விமான நிறுவனத்தின் பட்டியலுக்கும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) ஒப்புதல் அளிக்கிறது. பட்டியல் அனுமதித்தாலும் விமானத்தை ஏற்க மறுக்கும் உரிமை தலைமை விமானிக்கு உண்டு.

எலெக்ட்ரானிக் சிட்டியின் மென்பொருள் வல்லுநர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. தெரிந்த சிறு குறைகளுடன், அவற்றைத் திருத்தக் கெடு குறித்து, மென்பொருளை வெளியிடுவது அவர்களது அன்றாட வழக்கம். குறைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போனால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

விமானத் துறையில் அந்தக் கோளாறு 2022-ல் வெளிப்பட்டது. 18 நாள்களில் 8 சம்பவங்கள் நிகழ்ந்ததையடுத்து, அந்த ஆண்டு ஜூலை முதல் வாரத்தில் ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்துக்கு டிஜிசிஏ விளக்கம் கோரும் நோட்டீஸ் அனுப்பியது. பொருள் வழங்குவோருக்கு முறையாகப் பணம் தரப்படாததால் உதிரி பாகங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, எம்.இ.எல். சலுகை அடிக்கடி பயன்படுத்தப்பட்டது என்பது 2021 செப்டம்பரில் செய்த நிதி ஆய்வில் தெரியவந்ததாக அந்த நோட்டீஸ் குறிப்பிட்டது. பொறியியல் அடிப்படையில் தரப்பட்ட சலுகை, பணத் தட்டுப்பாட்டை ஈடுகட்டும் கருவியாக மாறியது என்பதே இதன் சாரம்.

பிற நிறுவனங்களிலும் நிலைமை திருப்தி தருவதாக இல்லை. பழுதின் மூலகாரணம் சரியாகக் கண்டறியப்படுவதில்லை, எம்.இ.எல். சலுகையில் விமானங்களை விடுவிப்பது அதிகரித்து வருகிறது, சான்றளிக்கும் பொறியாளர்கள் போதிய அளவில் இல்லை என டிஜிசிஏ திடீர்ச் சோதனைகளுக்குப் பின் அதே மாதம் அறிவித்தது. உரிய உரிமம் பெற்ற பொறியாளர்களே விமானங்களை விடுவிக்க வேண்டும் என்றும், ஜூலை 28-க்குள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

அரசின் நிலைப்பாட்டில் தெளிவு இருந்ததா என்பது கேள்விக்குரியது. ஸ்பைஸ்ஜெட்டின் 48 விமானங்களில் நடத்திய 53 சோதனைகளில் பெரிய பாதுகாப்பு மீறல் எதுவும் காணப்படவில்லை என்று ஜூலை 25-ல் மாநிலங்களவையில் அரசு தெரிவித்தது. எனினும் 10 விமானங்களைப் பழுதுகள் நீக்கப்பட்டதை உறுதிசெய்த பின்னரே இயக்க வேண்டும் என உத்தரவிடப்பட்டதாகவும் கூறியது. இரண்டே நாளில், அந்நிறுவனம் 8 வாரங்களுக்குப் பாதி அளவு விமானங்களையே இயக்க வேண்டும் என டிஜிசிஏ கட்டுப்படுத்தியது. பின்னர் அது அக்டோபர் 29 வரை நீட்டிக்கப்பட்டது.

மூலகாரணத்தைத் தேடாமல் பழுதைத் தள்ளிவைப்பதன் ஆபத்தை 2008 ஆகஸ்ட் 20-ல் மாட்ரிட் நகரில் நிகழ்ந்த ஸ்பானேர் விபத்து உணர்த்துகிறது. வெளி வெப்பநிலையை அளக்கும் கருவியின் சூடேற்றி தரையிலேயே இயங்கியது. எம்.இ.எல். விதிப்படி அதன் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டு விமானம் விடுவிக்கப்பட்டது. இறக்கை மடிப்புகளை விரிக்காமலே விமானிகள் புறப்பட்டனர். எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. 154 பேர் மாண்டனர். சூடேற்றியும் எச்சரிக்கை அமைப்பும் ஒரே ரிலேயுடன் தொடர்புடையவை என்பது விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டது. எனினும் ஒலி எழாததன் காரணத்தை உறுதியாக நிறுவ இயலவில்லை.

இந்தச் சலுகையை நீக்குவது தீர்வாகாது. நீக்கினால் சிறு பழுதுக்கெல்லாம் விமானங்கள் முடங்கும். பழுதைப் பதிவேட்டில் எழுதாமல் மறைக்கும் போக்கும் வளரலாம். கண்காணிப்பை வலுப்படுத்துவதே வழி. ஆனால் கண்காணிக்க வேண்டிய டிஜிசிஏ-விலேயே சுமார் பாதிப் பணியிடங்கள் காலியாக இருப்பதை 2025-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கவலையுடன் சுட்டிக்காட்டியது.

நேரந்தவறாமை, ரத்தான விமானங்கள், பயணிகளின் புகார்கள் ஆகியவற்றை நிறுவன வாரியாக மாதந்தோறும் டிஜிசிஏ வெளியிடுகிறது. அத்துடன், எத்தனை பழுதுகள் தள்ளிவைக்கப்பட்டன, எத்தனைக்குக் கெடு நீட்டிக்கப்பட்டது என்பதையும் வெளியிடுவதில் தடை என்ன இருக்க முடியும்? தாமதத்தின் கணக்கைப் பெறும் பயணிக்குப் பழுதின் கணக்கைப் பெறவும் உரிமை உண்டு.