அரை நிமிஷத்தின் மதிப்பு

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடி வருகிறது. அதில் பிரயாணம் செய்யும் நேயர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். புறப்படும்போது இரையும் மோட்டார் நடுவழியில் சில சமயம் ஓய்ந்துவிடும், வண்டியோ ஓடிக்கொண்டேயிருக்கும். பழுது ஒன்றுமில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே பெற்ற வேகத்திலேயே வண்டியை உருளவிடுகிறார் டிரைவர்.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளுவதால் உராய்வு சொற்பம்; வேகம் மெள்ளத்தான் தளரும். அப்படியின்றி, அடுத்த ஸ்டேஷன் வரையில் மின்சாரத்தைச் செலுத்திவிட்டுப் பிரேக்கை அழுத்தினால், சேர்த்த சக்தி வெறும் சூடாகப் போய்விடும். உச்ச வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், வண்டிக்கு ஊட்ட வேண்டிய வேகச் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். பிரேக் போடுகையில் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும் வண்டிகள் இன்று உண்டு. வாஸ்தவந்தான், ஆனால் கொடுத்தது முழுவதும் திரும்பி வருவதில்லை.

இந்தச் சிக்கனம் டிரைவரின் சாமர்த்தியத்தை மட்டும் பொறுத்ததன்று. கால அட்டவணையில் அரை நிமிஷமாவது இடமிருந்தால்தான் அவர் வண்டியை உருளவிட முடியும். வாசற்படியை மறித்து நிற்பவர் அந்த அரை நிமிஷத்தைப் பறித்துவிடுகிறார். இழந்த நேரத்தைப் பிடிக்க மின்சாரம் விரயமாகிறது. அட்டவணை வகுப்போர் அதைத் தாராளமாய் அளிக்கட்டும். இறங்குவோருக்கு வழிவிட்டு நாம் அதைக் காப்போமாக.