பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே?

இலங்கையில் ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினம். முதியோர் தினமும் அன்றைக்குத்தான். பல இடங்களில் இரண்டுக்கும் ஒரே மேடை, ஒரே பேச்சாளர். கண்டிப் பக்கம் நான் போன கூட்டங்களில் ஒரு வாசகம் வருடம் தவறாமல் காதில் விழும்: "முதியோர் பராமரிப்புச் சேவை, உளநலச் சேவை எல்லாம் வெள்ளைக்காரனுக்கு வேண்டியது. அவன் பிள்ளை பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போய்விடும். நமக்கென்ன குறை? நமக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்." உடனே கைதட்டல். முன்வரிசையில் தொப்பி போட்டு உட்கார வைத்த தாத்தாக்களும் தட்டுவார்கள். ஒன்பது நாள் கழித்து, 10ஆம் திகதி, உலக உளநல தினத்துக்கு வேறொரு மண்டபத்தில் வேறொரு கூட்டம். அங்கே பரீட்சைப் பயமும் கைத்தொலைபேசிப் பழக்கமும் பேசப்படும். தாத்தாக்களை அங்கே யாரும் கூப்பிடுவதில்லை.

மேடையோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். குட்ஷெட் பஸ் நிலையத்தில், கோயில் மண்டபத்தில், படித்தவர்கள் வீட்டு வரவேற்பறையில் என்று எங்கே பேச்செடுத்தாலும் இதே வாதம்தான் எதிரே வருகிறது. அதை ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்துவிடுவோம்.

முதல் துண்டு: "பிள்ளைகளோடு இருக்கிறார்கள், ஆகவே மனக்குறை இல்லை."

முற்பாதி உண்மை. இலங்கை முதியோரில் மிகப் பெரும்பாலானோர் பிள்ளைகளோடுதான் வாழ்கிறார்கள். பிற்பாதிதான் இடிக்கிறது. 2006இல் நாட்டின் 13 மாவட்டங்களில் 60 வயது கடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மடத்தில், இல்லத்தில் இருப்பவர்கள் அதில் இல்லை. எல்லாரும் வீட்டில் வாழ்பவர்கள். அந்தத் தரவுகளை வைத்து 2010இல் வெளியான கட்டுரை, நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேரிடம் கவனிக்க வேண்டிய அளவு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்ததாகச் சொன்னது. பெண்களிடம் இன்னும் சற்று அதிகம். நான்கு பேரில் ஒருவருக்கு மேல். ஒரே கூரையின் கீழ் படுப்பது மனச்சோர்வுக்கு மருந்தாக இருந்திருந்தால் இந்த எண் வந்திருக்காது.

நம் ஆட்கள் இதை மனச்சோர்வு என்று சொல்வதில்லை. "யோசனையா இருக்கு" என்பார்கள். மலைநாட்டில் யோசனை என்றால் திட்டம் போடுவதல்ல, உள்ளுக்குள்ளேயே அரைத்துக்கொண்டிருப்பது. "நித்திரை இல்ல, நெஞ்சு படபடங்குது, கை கால் ஓய்ச்சல்" என்று போனால் ஈசிஜி எடுப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், விற்றமின் குளிசை கொடுத்து அனுப்புவார்கள். வீட்டிலோ "ஏன் சும்மா யோசிக்கிறீங்க, உங்களுக்கு என்ன கொறச்சல்" என்று வாயை அடைத்துவிடுவோம். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே அந்த வாயடைப்புக்கு ஆதாரமாகவும் ஆகிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1995 அளவில் இந்த நாட்டின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டபின் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அந்தக் கதையைப் பின்தொடர்ந்து பதிவு செய்த ஆய்வாளர்களில் ஒரு கூட்டம் பேராதனையில்தான் இருந்தது. இளையவர்களைக் காப்பாற்றிய அந்தச் சரிவுக்குப் பிறகும் வயதான ஆண்களின் விகிதம் மற்ற வயதினரைவிட உயர்ந்தே நிற்கிறது. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

இரண்டாவது துண்டு: "நம்முடையது கூட்டுக்குடும்பப் பண்பாடு."

யாருடைய நம்முடையது? கண்டி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் இன்றைக்கு 75 வயதைத் தாண்டியவர்கள் 1964இல் சிறுவர்களோ இளையவர்களோ. அந்த வருடம் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. தாய்க்கு ஒரு நாடு, கட்டிக்கொடுத்த மகளுக்கு மறு நாடு. கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்து வாசலில் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தவர்கள், பிறகு தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினார்கள். ஒப்பாரிக் கோச்சி என்றே அதற்குப் பேர். கூட்டுக்குடும்பத்தின் கூடப் பிறந்தவர்கள் கோத்தகிரியிலும் குன்னூரிலும் இருக்க, இங்கே லயத்துக் காம்பராவில் தனியாக முதுமை அடைந்தவர்கள் உண்டு. 77, 83 இனக்கலவரங்களில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடிப்போனவர்கள் கணக்கு வேறு. அடுத்த தலைமுறை கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குச் சமையலறைகளுக்கும் போயிற்று. இந்த மக்களிடம் பண்பாட்டைக் காட்டிச் சேவையை மறுப்பது கொஞ்சம் துணிச்சலான காரியம்தான்.

மூன்றாவது துண்டை நான் ஒரு வீட்டில் பார்த்தேன். "வயசானா மறதி வரும், அதுக்கு வைத்தியம் ஏது?"

கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டம், தூரத்து உறவு. பெரியவர் முப்பது வருடத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டியவர். நான் தங்கிய இரவு, விடிய நாலரைக்கே எழுந்துவிட்டார். கம்பளியைத் தலையில் போட்டு, இடுப்பில் படங்கு கட்டப் பார்த்து, இஸ்தோப்பு மூலையில் கத்தியைத் தேடினார். கத்தியை ஒளித்து வைத்து இரண்டு வருடமாம். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, இன்னைக்கு ஞாயித்துக்கெழம. பெரட்டு இல்ல. படுங்க" என்றாள். அவர் கம்பளியை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அன்று செவ்வாய். அந்த வீட்டில் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். ஒருநாள் மட்டும், "இந்தத் தோட்டத்துல வேல நாளே இல்லையா?" என்று கேட்டாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எதிர்த்து வாதாடாமல் அவர் உலகத்துக்குள்ளேயே நின்று அமைதிப்படுத்துவது என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருவதை அவள் எந்த வகுப்புக்கும் போகாமல் கண்டுபிடித்திருக்கிறாள். ஆனால் ஏழு மணிக்கு அவள் மலையில் நிற்க வேண்டும். கணவன் கொழும்பில் கடை வேலை. ஆகவே கதவை வெளியே கம்பியால் கட்டிவிட்டுப் போகிறாள். பகல் பன்னிரண்டுக்கு ஓடி வந்து சோறு ஊட்டிவிட்டு மறுபடி கட்டுகிறாள். மேடைப் பேச்சில் வரும் "பிள்ளைகள்" என்ற பன்மைக்குள் ஆளைத் தேடினால் பெரும்பாலும் இப்படி ஒரே ஒரு மருமகள்தான் கிடைப்பாள்.

இனி மறதிக்கு வருவோம். 2003இல் வெளியான ராகமை ஆய்வில் 65 வயது கடந்த 703 பேரைப் பரிசோதித்தார்கள். 28 பேருக்கு மறதிநோய் இருந்தது. நூற்றுக்கு நான்கு. வயதோடு கூடவே வருவதென்றால் மற்ற 96 பேர் எப்படித் தப்பினார்கள்? இது மூளையைத் தாக்கும் நோய். முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மறதி என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்ட எல்லாமே அந்த நோயும் இல்லை. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் எல்லாமே அதே முகத்தோடு வரும். நேற்றுவரை நன்றாக இருந்த கிழவி இன்று ஆளைத் தெரியாமல் உளறினால், சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம். நேரத்தோடு மருந்து கொடுத்தால் தெளிந்துவிடுவாள். 2024இல் லான்செட் ஆணைக்குழு பட்டியலிட்ட 14 காரணிகளில் காது கேளாமை, கண்பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மனச்சோர்வு, தனிமை எல்லாம் உண்டு. அவற்றைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணிப்பு. அதில் பாதி வேலைக்கு நிபுணர்கூடத் தேவையில்லை. வீட்டுக்கு வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

"அதற்குத்தான் கண்டியில் தேசிய வைத்தியசாலை இருக்கிறதே, பேராதனை போதனா வைத்தியசாலை இருக்கிறதே" என்பது அடுத்த துண்டு. இருக்கின்றன, நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள். பேராதனையில் 1962 முதல் மருத்துவ பீடமே இருக்கிறது. 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கையும் அங்கொடை மனநல வைத்தியசாலையை மட்டும் நம்பியிராமல் மாவட்டங்களுக்குச் சேவையைப் பரப்பச் சொன்னது, பரவியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெரியவரை லயத்திலிருந்து ரோட்டுக்கு இறக்கி, கலஹா பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்து, கிளினிக் வரிசையில் அடக்கி வைத்து, மாலை இருட்டுமுன் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க ஒரு முழு நாள் வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயமானது. கிளினிக் நாளில் மருமகளுக்குப் பேர், அதாவது அன்றைய சம்பளம், இல்லை. பஸ்காசும் சாப்பாடும் வேறு. இரண்டாவது தடவையோடு நிறுத்திவிட்டாள்.

மொழியும் சேர்ந்துகொள்ளும். ஒரு கிளினிக்கில் நான் பார்த்த காட்சி இது: மருத்துவருக்குத் தமிழ் தெரியாது, பாட்டிக்குச் சிங்களம் தெரியாது, கூட்டித் துடைக்கும் சிற்றூழியர்தான் மொழிபெயர்ப்பாளர். பாட்டி யோசனை பற்றி மூன்று நிமிடம் சொன்னதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்தார். பிறகு ஞாபக சக்திச் சோதனை. இன்று என்ன திகதி, ஒரு வாக்கியம் எழுதுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள். பள்ளிக்கூடமே போகாத, ஆனால் ஒரு மாதக் கொழுந்து நிறையை மனதிலேயே கூட்டிக் கணக்கப்பிள்ளையோடு சண்டை போட்ட மனுஷி பென்சிலைப் பிடிக்கத் தெரியாமல் பூச்சியம் வாங்கினார். படிக்காதவர்களுக்கும் பொருந்தும் சோதனைமுறைகள் இல்லாமல் இல்லை. சென்னையிலும் வேலூரிலும் 10/66 என்ற ஆய்வுக் குழு அதைச் செய்து பார்த்திருக்கிறது. அந்தப் பெயருக்கு விளக்கம்: மறதிநோயாளரில் 66 சதவீதம் பேர் வளர்முக நாடுகளில் இருக்க, அவர்களைப் பற்றிய ஆய்வு 10 சதவீதம்கூட இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, கவனிக்காத பிள்ளையிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். கேட்கலாம்தான். கதவைக் கம்பியால் கட்டும் மருமகள் மீது வழக்குப் போட்டு என்ன கிடைக்கும்? மனநோய்ச் சட்டத்தின் அடிப்படையோ 1873இல் வெள்ளைக்காரன் எழுதியது. ஆளை எப்படி உள்ளே சேர்ப்பது என்பதே அதன் கவலை.

கடைசித் துண்டுதான் எல்லாருக்கும் பிடித்தது: "சேவை வந்துவிட்டால் பிள்ளைகள் கைகழுவிவிடுவார்கள்."

1926இல் களுத்துறையில் இந்த நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து மருத்துவமாது வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிறார். பிள்ளைக்கு நிறை குறைந்தால் தேடி வருகிறார். உலகமே மெச்சும் தாய்சேய் நலம் அப்படித்தான் வந்தது. வீட்டில் மாமியார் இருக்கிறாரே, மருத்துவமாது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. மருத்துவமாது வந்ததால் எந்தத் தாயும் பிள்ளையைக் கைவிடவும் இல்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷர் மாத்திரையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. கேரளத்தில், முக்கியமாக மலப்புறத்தில், படுக்கையில் கிடப்பவர்களை ஊர்த் தொண்டர்கள் முறைவைத்துப் பார்க்கிறார்கள். அங்கெல்லாம் குடும்பம் கலைந்துவிடவில்லை.

அவ்வளவு தூரமும் போக வேண்டாம். தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. தாய் மலைக்குப் போகும்போது குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் போகிறாள். தாய்மை கெட்டுப்போயிற்று என்று எந்தப் பேச்சாளரும் வருந்தியதில்லை. அதே சுவருக்குப் பக்கத்தில் இன்னொரு காம்பரா, ஏழு மணியிலிருந்து நாலு மணி வரை, ஒரு பயிற்சி பெற்ற ஆள், ஒரு நேரச் சோறு, மாதத்தில் ஒருநாள் தமிழ் தெரிந்த உளநல உத்தியோகத்தர். பிரதேச செயலகத்தில் முதியோருக்கென்றே ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார். தோட்டத்தில் மருந்துச்சாலை இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பேச ஒரு கூட்டம் போதும். காசு இல்லை என்பார்கள். ஒக்டோபர் முதலாம் திகதிக்குப் பந்தலும் மாலையும் தொப்பியும் வாங்கும் காசிலிருந்து தொடங்கலாம்.

இதைப் படிப்பவர்களில் கதவைக் கட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர் யாராவது இருந்தால், தேசிய உளநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இலக்கம் 1926. பெரியவருக்காக மட்டுமல்ல, உங்களுக்காகவும் கூப்பிடலாம். அடுத்த முறை மேடையில் "பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று யாராவது முழங்கினால், கைதட்டுமுன் அந்தப் பிள்ளையின் பெயரையும் அவள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பதையும் எழுந்து கேளுங்கள்.